வெட்டுமேடும் கருப்புத் தலைப்பாவும்

எங்கள் ஊர் ஏரிப் பூங்கா வாசலில் ஒரு பலகை இருக்கிறது. பச்சைப் பெயிண்ட், மஞ்சள் எழுத்து. ஏரியை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் சிவப்புச் சுவரை இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளாகச் செதுக்கியது என்றும், பழைய காலத்து ராஜாக்கள் அதன் உச்சியில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்தார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. பெயரைச் செம்மலை என்று போட்டிருக்கிறார்கள்.

எல்லாம் பொய்.

அது மலை இல்லை. அதன் உச்சியில் உட்கார்ந்தது ராஜாக்கள் இல்லை, நாங்கள். இயற்கை அதைச் செதுக்கவில்லை. எங்கள் ஆட்கள் மம்பட்டியும் கடப்பாரையும் போட்டு வெட்டினார்கள். அதன் பெயர் வெட்டுமேடு. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் சனங்கள் வைத்த பெயரில் உண்மை இருக்கிறது. படித்தவன் எழுதிய பலகையில் இல்லை.

தஞ்சாவூரிலிருந்து வல்லம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால், வயல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர் வரும். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து ஆட்களுக்கு மேடு என்றால் ஆற்றங்கரைதான். அவர்கள் எங்கள் ஊருக்கு வந்து ஆறாள் உயரத்துக்கு நிற்கும் அந்தச் சுவரைப் பார்த்தால் வாயைப் பிளப்பார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஏரிக்கரையை உயர்த்த மண் வேண்டியிருந்தது. ரோடு போடக் கிராவல் வேண்டியிருந்தது. தென்பக்கத்து மேட்டை வெட்டி வெட்டி எடுத்தார்கள். மேடு பின்வாங்கிக்கொண்டே போனது, சுவர் உயர்ந்துகொண்டே போனது. எங்கள் செம்மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. வெட்டும்போது வழிவிடும், வெயிலும் காற்றும் பட்டுவிட்டால் கல்லாகிவிடும். என் பாட்டன்மார் போட்ட மம்பட்டித் தடம் இன்றைக்கும் அந்தச் சுவரில் வரிவரியாக இருக்கிறது. பூங்காவுக்கு வருகிறவர்கள் அதை மழை அரித்த கோடு என்று போட்டோ எடுக்கிறார்கள்.

அந்த மேட்டின் உச்சியில் எங்கள் சனங்களின் வீடுகள் பதினாறு. அவை இன்றும் அங்கே இருப்பதற்குக் காரணமான ஒரு நாளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அந்த நாளில் நான் ஒரு காரியம் செய்தேன். அதற்கு வேறொருவர் விலை கொடுத்தார்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அறுவடைக் கூலிக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய் ஜெயிலில் வைத்திருந்தார்கள். வீட்டில் அம்மாவும் நானும். அம்மாவின் தம்பி, என் மாமா, அடுத்த குடிசை. மாமா மண்வேலை மேஸ்திரி. நடவும் அறுப்பும் இல்லாத கோடையில் ஆற்றுவேலை, குளத்துவேலை எங்கே கிடைத்தாலும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போவார். அம்மாவும் மண் சுமக்கப் போவாள். நான் வேலைத்தலத்தில் கூடைகளுக்கு நடுவில் வளர்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அதனால் எனக்கு அளவுத்திட்டு என்றால் என்ன என்று பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும். ஒரு இடத்தில் பள்ளம் வெட்டும்போது நடுவில் ஒரு இடத்தை மட்டும் வெட்டாமல் தூண்போல விட்டுவிடுவார்கள். சுற்றிலும் மண் போன பிறகு அது மட்டும் தலையில் பழைய புல்லோடு நிற்கும். ஓவர்சீயர் வந்து அதன் உயரத்தை அளப்பார். அதுதான் வெட்டிய ஆழம். அளந்து முடித்த பிறகுதான் அதை இடிக்கலாம். அளக்காத திட்டை இடிக்கக் கூடாது.

இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. திட்டின் தலையில் இருக்கும் புல்லை, கல்லிலிருந்து தோசை எடுப்பதுபோல் வேரோடு ஒரே பத்தையாக எடுத்து, கீழே நாலு விரற்கடை ஈரமண்ணை வைத்து அமுக்கி, மறுபடி புல்லை மூடிவிட்டால் திட்டு உயர்ந்துவிடும். வெட்டாத ஆழத்துக்கும் அளவு விழும். இதற்குத் தலைப்பா கட்டுவது என்று பெயர். எல்லா மேஸ்திரியும் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக் குறைக்கிற கான்ட்ராக்டரிடம் வேறு எப்படிப் பிழைப்பது?

மாமா மட்டும் கட்ட மாட்டார். எங்கள் ஆட்களில் எந்த விடலையாவது கட்டியிருந்தால் காலால் ஒரே உதை. "என் திட்டு என்ன உயரமோ அதான் உயரம். குனிஞ்சு பார்க்க வேணாம், நாடாவ வச்சுட்டுப் போகலாம்" என்பார். அது உண்மையும்கூட. மற்றவர்களின் திட்டைக் கம்பியால் குத்திப் பார்க்கும் ஓவர்சீயர்கள் மாமாவின் திட்டைக் குத்துவதில்லை. படிக்காத, செருப்பில்லாத ஒரு மனிதனின் சொல்லை அதிகாரி அப்படியே எழுதிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமையில் நான் பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

இனி மிராசுதார். ஏரிப் பாசனத்தில் பெரும்பகுதி வயல் அவருடையது. ஆட்சி மாறிய வருஷம் வேட்டிக் கரையையும் மாற்றிக்கொண்டவர். ஏரியை ஆழப்படுத்தும் கான்ட்ராக்டையும் முன்பு ஒருமுறை எடுத்துச் செய்தவர். கையில் எப்போதும் பூண் போட்ட பிரம்புத்தடி. அந்த வேலையின்போது ஒரு திட்டு விடாமல் அந்தத் தடியால் குத்திப் பார்த்தாராம். "என்னை ஏமாத்த இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்" என்பது அவர் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லும் பேச்சு.

அப்பா ஜெயிலுக்குப் போன அடுத்த மாதம் மிராசுதார் திடீரென்று வள்ளலானார். ஏரி மேட்டில் பொதுமக்களுக்குப் பூங்கா கட்ட இடத்தைத் தானமாகத் தருகிறார், அவருடைய அப்பா பெயர் வைக்கப்போகிறார்கள், மந்திரி வந்து திறப்பார் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னார், ஊஞ்சல் போடுவார்களாம், சறுக்குமரம் போடுவார்களாம். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முறத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். "ஊஞ்சல எங்க கட்டுவாங்களாம்?"

"மேட்டு மேல."

"மேட்டு மேல நாமள்ல இருக்கோம்?"

நான் அதை யோசிக்கவே இல்லை.

விஷயம் இதுதான். விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. அதில் ஒரு நாளைக் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பிருந்தே குடியிருக்கிறோம் என்று காட்டினால் பட்டா. காட்டாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். எங்கள் பதினாறு வீட்டிலும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கர்ணத்தின் கணக்கில் எங்கள் பெயர் கிடையாது. கர்ணம் மிராசுதார் வீட்டில் காபி குடிக்கிறவர். மிராசுதார் எழுதிக் கொடுத்தது என்னவென்றால், இந்த ஆட்கள் போன வருஷம் சங்கத்துக்காரன் கூட்டிவந்து இறக்கியவர்கள், மேடு அதற்கு முன்னால் வெறும் தரிசு. வேலைநிறுத்தம் செய்தவர்களைத் துரத்த அடியாள் தேவையில்லை, ஒரு பூங்கா போதும் என்று கண்டுபிடித்த புத்திசாலி அவர்.

தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பதாக நாள் குறித்தார்கள். முதல்நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் எல்லோரும் கூடினார்கள். ஆளுக்கொன்று பேசினார்கள். கடைசியில் மாமா சொன்னார். "ஏரி ஆழப்படுத்தினப்ப எங்கப்பா விட்ட திட்டு இன்னும் சுவர் ஓரத்துல நிக்குது. அளக்கறதுக்குள்ள ஏரிக்குப் புதாத்துக் கால்வாய்த் தண்ணிய திறந்துட்டானுங்க, அதனால இடிக்கல. மேட்டுல குடியிருந்துதான் வெட்டினோம்ங்கறதுக்கு வேற என்ன இருக்கு? நாளைக்கு அதைக் காட்டுவோம். அதுதான் நமக்காக நிக்கணும்."

அந்தத் திட்டு எனக்கு நன்றாகத் தெரியும். கோடையில் ஏரி வற்றினால் நாங்கள் அதைச் சுற்றித்தான் விளையாடுவோம். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சிவப்பாக, தலையில் காய்ந்த அறுகம்புல்லோடு நிற்கும். இருபது வருஷத்தில் கல்லாகிவிட்டிருந்தது.

படுத்தபிறகு எனக்கு ஒரே யோசனை. நமக்காக அதுதான் நிற்க வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். தாசில்தார் பெரிய அதிகாரி. அவருக்கு முன்னால் அந்தத் திட்டு இன்னும் கொஞ்சம் உயரமாக நின்றால் நல்லதுதானே? எனக்குத் தெரிந்த உலகத்தில், உயரமான திட்டு இருந்தால் அதிகாரி அதிகமாக எழுதிக்கொள்வார். அவ்வளவுதான். மாமாவுக்கு இது பிடிக்காது என்பது ஞாபகம் வந்தது. ஆனால் இது கூலிக்காக இல்லையே, வீட்டுக்காகத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விடியக்காலையில் அம்மா சாணி கரைத்துக்கொண்டிருந்தபோது நான் கூடையும் அரிவாளும் எடுத்துக்கொண்டு சுவர்ச் சரிவில் இறங்கினேன். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் திட்டின் தலை எட்டியது. அறுகம்புல் பத்தையைப் பெயர்த்தேன். ஓரம் கிழிந்தாலும் வந்துவிட்டது. அடியில் வைக்கச் செம்மண் வேண்டும். அந்த மண்ணோ அரிவாளுக்கு அசையவில்லை. ஏரியின் நடுவே வற்றாமல் கிடந்த குட்டைக்கு ஓடி, இரண்டு கூடை ஈரவண்டலை அள்ளிவந்தேன். வைத்து, தட்டி, புல்லை மூடி, கீழே இறங்கிப் பார்த்தேன். ஒரு சாண் உயர்ந்திருந்தது. மாமாவின் ஆட்களில் யாரும் ஒரு சாண் கட்டியதில்லை. பெருமையாக இருந்தது.

வண்டல் கருப்பு, திட்டு சிவப்பு என்பது எனக்குப் படவில்லை. இருட்டு முழுசாகப் போயிருக்கவில்லை.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலியும் மேஜையும் கொண்டுவந்து ஏரிக்குள்ளேயே, சுவரின் நிழலில் போட்டிருந்தார்கள். தாசில்தார் ஒல்லியான மனிதர். தண்ணீரைத் தானே பாட்டிலில் கொண்டுவந்திருந்தார், எங்கள் சொம்பைத் தொட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் மிராசுதார், அவருக்குப் பக்கத்தில் கர்ணம். எதிரே நாங்கள் பதினாறு வீட்டுக்காரர்கள்.

"இவங்க பேரு எந்தக் கணக்குலயும் இல்ல சார்" என்றார் கர்ணம்.

"கணக்கு எழுதறவரே நீங்கதானே" என்றாள் அம்மா. கூட்டத்தில் சிரிப்பு. கர்ணம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

தாசில்தார் அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, எவ்வளவு நாளா இருக்கீங்க?"

"இந்தச் செவுரு எவ்வளவு நாளா இருக்கோ அவ்வளவு நாளா இருக்கோம். செவுத்தை வெட்டினதே நாங்கதான். ஏரியை ஆழப்படுத்தினப்ப எங்கப்பாதான் மேஸ்திரி. அவர் விட்ட திட்டு அதோ நிக்குது, வந்து பாருங்க."

மிராசுதார் சிரித்தார். "அந்த வேலை என் கான்ட்ராக்ட் சார். ராமநாதபுரத்து ஆளுங்களைக் கொண்டுவந்து வெட்டினேன். இவங்க யாரும் அப்ப கிடையாது."

எல்லோரும் திட்டுக்கு நடந்தோம். பத்தடி தூரத்திலேயே மிராசுதார் நின்றுவிட்டார். பிறகு தடியை நீட்டிக்கொண்டு முன்னால் போனார். நல்ல வெயிலில் அந்தத் திட்டு, தலையில் கருப்புத் துணியைச் சுற்றிக்கொண்டதுபோல் நின்றது. அவர் தடியால் ஒரு குத்துக் குத்தினார். ஈரவண்டல் பொதக்கென்று உள்வாங்கியது.

"பாருங்க சார், பாருங்க! இன்னைக்குக் காலையில கட்டின திட்டு. களவாணிப் பசங்க. ஈரம்கூடக் காயல!"

கர்ணம் எழுதத் தொடங்கினார். பதினாறு வீட்டு ஆட்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எந்த மடையன் செய்தான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தவள், கையைப் பார்த்தாள். நகக்கண் பூராவும் கருப்பு. அவள் முகம் வெளுத்ததை அன்றுதான் முதல்தடவை பார்த்தேன். நிமிர்ந்தபோது மாமாவும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா முன்னால் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டவில்லை, தோளிலேயே விட்டார். முழங்கையால் ஒரே வழிப்பில் அந்த வண்டலையும் புல்லையும் கீழே தள்ளினார். சிவப்புத் தலை வெளியே தெரிந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"மேல இருந்தது இன்னைக்கு வச்சது, நெசம். சின்னப் புள்ளைங்க விளையாட்டு. ஆனா இதுக்குக் கீழயும் ஒரு தலைப்பா இருக்கு. நாலு விரக்கட. அது இருபது வருஷத்துக்கு முந்தி நான் கட்டினது. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு."

எங்கள் ஆட்கள் எல்லோரும் திரும்பி மாமாவைப் பார்த்தார்கள்.

மிராசுதார் முகம் மாறியது. "என்னடா உளர்ற? இந்த வேலையில ஒரு திட்டு விடாம நான் குத்திப் பார்த்தேன்."

"பார்த்தீங்க ஐயா. எல்லாத்தையும் கண்டுபிடிச்சீங்க. இதுல மட்டும் ஏமாந்துட்டீங்க."

"யாருடா ஏமாந்தது?"

"நீங்கதான். தடியால குத்தினீங்க, ‘இது சுத்தம்டா, இவனைப் பார்த்துக் கத்துக்குங்க’ன்னு எங்கப்பா முதுகுல தட்டிக்கொடுத்துட்டுப் போனீங்க. அன்னைக்கு ராத்திரி பூரா மேட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான். மிராசுதாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"உங்கப்பனா? உங்கப்பனாடா என்னை ஏமாத்தினான்? அவன் மேஸ்திரியா நின்னப்ப நீ மூக்கொழுகிக்கிட்டுக் கூடை தூக்கின பய! மேட்டுல குடிசை போட்டுக்கன்னு உங்கப்பனுக்கு இடம் விட்டதே எங்கப்பாடா! அன்னைக்கே உங்க பதினாறு குடிசையையும் கொளுத்தித் துரத்தியிருக்கணும், விட்டது தப்பு!"

தடியை ஓங்கித் திட்டின் தலையில் அடித்தார். திட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூண் கழன்று விழுந்தது.

தாசில்தார் பேனாவை மூடவில்லை. மெதுவாகக் கேட்டார். "அப்ப இவங்க இருபது வருஷமா மேட்டுலதான் இருக்காங்க. பதினாறு குடிசை. இல்லீங்களா?"

மிராசுதார் கர்ணத்தைப் பார்த்தார். கர்ணம் குனிந்து பூணைத் தேடத் தொடங்கினார். தாசில்தார் தானே எழுதினார். திட்டை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

அப்பா ஜெயிலிலிருந்து வந்தபோது வீட்டில் பட்டா இருந்தது, அம்மா பெயரில். எங்கள் சனங்களில் காகிதத்தில் பெயர் ஏறிய முதல் பெண்களில் அவள் ஒருத்தி. பட்டாவைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். பூங்காவும் வந்தது, மேட்டின்மேல் இல்லை, மேற்குச் சரிவில். மிராசுதாரின் அப்பா பெயர் இல்லாமல். ஊஞ்சல் போட்டார்கள், சறுக்குமரம் போட்டார்கள். பின்னால் வந்த வேறொரு ஆட்சியில் கீழே கரையோரம் இன்னொரு பூங்காவும் போட்டு, அந்தப் பொய்ப் பலகையை நட்டார்கள்.

நான் செய்ததற்கு அம்மா என்னை அடிக்கவில்லை. அன்று மத்தியானம் தேங்காய் நாரை எடுத்து என் நகக்கண்ணைத் தேய்தேய் என்று தேய்த்தாள். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு அதன்பிறகு மண்வேலை கிடைக்கவில்லை. தலைப்பா கட்டியதைத் தாசில்தார் முன்னால் தானே ஒத்துக்கொண்ட மேஸ்திரி என்ற பேச்சு வல்லம் தாண்டி ஒரத்தநாடு வரைக்கும் போய்விட்டது. முதல் தடவை ஓவர்சீயர் அவர் திட்டைக் கம்பியால் குத்திப் பார்த்தார். அடுத்த தடவை கூப்பிடவே இல்லை. அவரிடம் உதை வாங்கிய விடலைகள் சும்மா இருப்பார்களா? "மேஸ்திரி, எங்களுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். மாமா சிரித்தார். கடைசியில் பூங்காவில் காவலாள் வேலை போட்டுக் கொடுத்தார்கள். காக்கிச் சட்டை, ஒரு விசில்.

இப்போது நான் பாசனவேலை பார்க்கும் இஞ்சினியர். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஏரியில் படகுத்துறை கட்டும் வேலை என் கைக்கு வந்தது. வரைபடத்தில் திட்டு இருக்கும் இடத்தில் படிக்கட்டு. இடிப்பதற்கு முன் நான் போய்ப் பார்த்தேன். யாரையும் கூப்பிடவில்லை. சின்னக் கொத்துளியால் திட்டின் ஒரு பக்கத்தை உச்சியிலிருந்து அடிவரைக்கும் சீவினேன். கொட்டி வைத்த மண் எத்தனை வருஷமானாலும் காட்டிக்கொடுத்துவிடும். சேர்ந்த இடத்தில் கோடு இருக்கும், நிறம் மாறும், கல்லின் அடுக்கு குழம்பியிருக்கும். இது என் தொழில். நான் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

ஒரு கோடும் இல்லை. மேலே சிவப்பு, அதன் கீழ் மெல்லிய மஞ்சள், அதன் கீழ் வெள்ளைச் சரளை. பின்னால் இருக்கும் சுவரின் அடியில் என்ன அடுக்கோ அதே அடுக்கு. நாலு விரற்கடையும் இல்லை, ஒரு விரற்கடையும் இல்லை. பன்னிரண்டு வயதிலும் முப்பத்திரண்டு வயதிலும் அந்த மனிதன் எந்தத் திட்டுக்கும் தலைப்பா கட்டியதே இல்லை. எதைச் சொன்னால் மிராசுதார் வெடிப்பார் என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொத்து, அவருடைய பெயர். அதை எடுத்து வைத்துவிட்டார்.

அவர் இறந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. அன்று அவர் உள்ளங்கையை வைத்த இடத்தில் என் கையை வைத்தேன்.

படகுத்துறையைப் பத்தடி தள்ளிப் போட்டு வரைந்தேன். கான்ட்ராக்டர் கேட்டார். "ஒரு மண்திட்டுக்காகவா மேடம்?"

"ஆமா, அதுக்காகத்தான்."

"சாமி கீமி ஏதாவதா?"

"அது அளவுத்திட்டுங்க. இன்னும் அளந்து முடியல. அளக்காம இடிக்கக் கூடாது."

எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். திட்டு இன்னும் நிற்கிறது. போய்ப் பாருங்கள், சுவரைவிடப் பார்க்க வேண்டியது அதுதான்.

பூங்கா திறந்த புதிதில் ஒரு சாயங்காலம். நான் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மாமா பின்னால் வந்தார். "புடிச்சுக்க குட்டி, மேட்டு உச்சி தெரியற மாதிரி தள்றேன்" என்றார். தாசில்தார் வந்துபோனதிலிருந்து மாதக்கணக்காக நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் உன் மாமன் தலைப்பாக்காரன் என்று கேலி செய்திருந்தார்கள். யாருடைய சொல்லை நம்பி நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனோ அவரே ஏமாற்றுக்காரர் என்று ஆனபின் எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"திருட்டு மாமா, நீ ஒண்ணும் தள்ள வேணாம்" என்றேன்.

மாமா சங்கிலியிலிருந்து கையை எடுத்தார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. வேலியோரம் போய் நின்று, யாரும் எதுவும் செய்யாமலே ஒரு தடவை விசில் ஊதினார்.

சாப்பாடு கொண்டுவந்த அம்மா இதைக் கேட்டுவிட்டாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள். வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டாள். அவள் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான். ஊரையே கெடுக்கப் பார்த்த கருப்பு மண்ணுக்கு அடிக்காதவள், உள்ளதைச் சொன்னதற்கு ஏன் அடிக்கிறாள் என்று நான் அழுதேன். அழுதுகொண்டே, பிடிவாதமாக, நானே காலை உதைத்து ஊஞ்சலை மேலே கொண்டுபோனேன். உச்சிக்குப் போகும்போதெல்லாம் மேட்டின்மேல் எங்கள் பதினாறு கூரையும் வரிசையாகத் தெரிந்தன.